ஆணி அடிக்கும் சத்தம்

வாடகை வீடுகளில் ஆணி இறங்குகிற சுவர் அமைவது அபூர்வம். ஷார்ஜாவில் எனக்குக் கிடைத்த வீட்டில் சுவர் நன்றாக இருந்தது. குடிபோன முதல் வாரம், வேலை விட்டு வந்ததும் தினமும் இரண்டு மூன்று ஆணி அடித்தேன். காலண்டருக்கு, கடிகாரத்துக்கு, சட்டைக்கு. கதவருகே ஒன்று, மாட்ட எதுவும் இல்லாமலே அடித்தேன்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. எங்கள் கீழக்கரையில் வீடு பெண்ணுக்கு. நான் பிறந்த வீடு கூடப்பிறந்த ராத்தாவுக்குப் போயிற்று. கல்யாணமானதும் லாமியாவின் வீட்டுக்குக் குடிபோனேன். அங்கே யாரும் என்னைக் குறைவாக நடத்தியதில்லை. செருமிவிட்டு நுழைய வேண்டும். "மாப்புள வாராக" என்று ஒரு குரல் உள்ளே ஓடும். பேச்சு நின்றுவிடும். அவ்வளவுதான். ஒருமுறை சட்டை மாட்ட ஓர் ஆணி அடித்தேன். லாமியாவின் உம்மா, சுலைகா மாமி, காரை உதிர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "கேட்டுட்டு அடிச்சிருக்கலாமே மாப்புள, பழைய செவரு" என்றார். அன்பாகத்தான் சொன்னார்.

என் பேரில் எடுத்த வீட்டுக்கு லாமியா வந்து சேர்ந்த அன்று, சுற்றிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ரூம் நல்லாத்தான் இருக்கு மச்சான். அதென்ன, செவரெல்லாம் அம்மை போட்ட மாதிரி ஆணி?"

"ரூம் இல்ல, வீடு."

"வீடு ஊர்ல இருக்கு. இது நீங்க சம்பாதிக்கிற எடம்."

விளையாட்டாகச் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

லாமியாவுக்கு ஏழாம் மாதம் பிறந்ததும், பேறுகாலத்துக்கு உம்மா வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். முறை அதுதான். பிள்ளை என் வீட்டில் பிறக்கட்டுமே என்று நான் நினைத்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை என்றேன். எதிர்வீட்டுப் பூங்கோதை சாயல்குடிக்காரப் பெண். அவளோடு போய் லாமியாவே விசாரித்து வந்தாள். டிக்கெட் நிறைய இருந்தது.

மறுநாள், உன் சாவி சரியாகத் திரும்பவில்லை, தேய்த்து வாங்கி வருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். வெளியே பூட்டினால் உள்ளிருப்பவருக்கும் சாவி வேண்டும், அப்படி ஒரு கதவு. அந்தச் சாவி நான்கு நாள் என் கைப்பையில் இருந்தது. "சாவி ஆச்சா மச்சான்?" என்று மாலையில் கேட்பாள். நாளைக்கு என்பேன். ஊருக்குப் பேசும்போது இதை உம்மாவிடம் அவள் சொல்லவில்லை. புருஷனை விட்டுக்கொடுக்காத வளர்ப்பு. காய்கறி, பால், பழம் எல்லாம் நானே வாங்கி வந்தேன். ஒரு குறையும் வைக்கவில்லை.

ஐந்தாம் நாள் காலை அவளுக்குக் கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"தல இடிக்குது மச்சான். கண்ணும் மங்குது. ஆஸ்பத்திரிக்குப் போவமா?"

சாயங்காலம் போவோம் என்று சொல்லி, பூட்டிவிட்டுப் போனேன். முற்பகலில் ஏழு முறை கூப்பிட்டாள். டிக்கெட் பேச்சாக இருக்கும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.

மாலையில் கதவைச் சற்றுத் தள்ளித் திறக்க வேண்டியிருந்தது. அவள் கதவை ஒட்டிக் கிடந்தாள். கையருகே என் சுத்தியல். கதவின் உட்புறமெல்லாம் அடித்த தழும்பு. தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தாள். சுத்தியலை எடுத்து அலமாரியில் வைத்தேன். பையிலிருந்த அவள் சாவியைக் கதவருகே இருந்த வெற்று ஆணியில் மாட்டினேன். பிறகுதான் எதிர்வீட்டைத் தட்டினேன்.

பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். "மத்தியானம் டக்கு டக்குன்னு கேட்டுச்சுண்ணே. நீங்க லீவு போட்டுட்டு ஆணி அடிக்கிறீகன்னுல்ல நெனச்சேன்."

வலிப்பு என்று எழுதிக்கொடுத்தார்கள். கதவுத் தழும்பைப் பற்றி யாரும் கேட்கவில்லை. சுவரெல்லாம் ஆணியாக இருக்கிற வீடு. வயிற்றில் இருந்ததும் பெண்தானாம்.

ஊருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தோம். மாமி என்னைப் போகவிடவில்லை. இந்த வீட்டில்தான் இருக்கிறேன். தினமும் என் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு மாமி அதையே சொல்கிறார்.

"கைக்கெட்டுற தூரத்துல சாவி தொங்கியிருக்கு. கதவத் தொறந்து எதுத்த வீட்டுக்கு ஒரு சத்தம் குடுக்கத் தெரியாமப் போச்சே எம் புள்ளைக்கு. கூச்சம் கூச்சம்னு நாந்தான் வளத்துக் கெடுத்துட்டேன்."

அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன். மாமியின் வளர்ப்பில் குறை இல்லை.

நேற்று என் சட்டை நாற்காலியில் கிடப்பதைப் பார்த்து, "அந்தா, அங்கன ஒரு ஆணி அடிச்சுக்கிருங்க மாப்புள. இனி இந்த வீட்டுல கேக்க என்ன இருக்கு" என்றார். அவர் காட்டிய இடத்திலேயே அடித்துவிட்டேன். காரை கொஞ்சம் உதிர்ந்தது. சட்டையை மாட்டவில்லை. லாமியாவின் சாவியையும் இந்தக் காகிதத்தையும் மாட்டப்போகிறேன்.

மாமி ஒன்றை மட்டும் புரிந்துகொள்ள வேண்டும். நான் லாமியாவைப் பூட்டவில்லை. வீட்டைத்தான் பூட்டினேன்.