மைக்ல கோளாறு இல்ல

இன்னொரு தடவ நல்லாப் பாருங்கண்ணே, அவசரமில்ல. அந்த மைக் சுவிட்ச் தானா ஆன் ஆகும். நான் சத்தியமா அணைச்சேன். சரி, சத்தியம் வேண்டாம், சபை மூப்பன் சத்தியம் பண்ணக்கூடாது. அணைச்ச மாதிரி ஞாபகம்.

சட்டைக் காலர்ல மாட்டுற மைக்தானே, இத்துனூண்டு. மூணு வாரத்துக்கு முன்னாடி ஆராதனை தொடங்குறதுக்குள்ளயே மாட்டிக்கிட்டேன். அன்னைக்கு நான்தான் பேசணும். தலைப்பு, தாழ்மை. ஏன் சிரிக்கிறீங்க? அந்தத் தலைப்புன்னா பாஸ்டர் வேற ஆளே தேடமாட்டார். தாழ்மையில என்னை அடிச்சுக்க இங்க யாரும் இல்ல. எப்பவும் கடைசி வரிசையிலதான் உக்காருவேன். ஆனா நடுவழியா மெதுவா நடந்து, எல்லாரும் பாத்தாச்சான்னு உறுதி பண்ணிக்கிட்டுத்தான் போவேன். கூட்டம் முடிஞ்சா நாற்காலியெல்லாம் மடக்கி அடுக்குவேன். பாக்க ஆள் இல்லாத அன்னைக்கு மட்டும் இடுப்பு வலி வந்துரும்.

அதோ, பாட்டுப் புத்தகம் அடுக்கியிருக்கே, அந்த ரூமுக்குள்ள போய் முட்டி போட்டேன். தனியா, நானும் ஆண்டவரும். ஆண்டவரே, என்னை எவ்வளவு எளிமையா வச்சிருக்கீங்க, நன்றி. வெளிய வந்து உக்காந்திருக்கானே அந்த வெல்டர், அவனை மாதிரி குடிச்சு, கைநீட்டி, பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போற நிலைமைக்கு என்னை விடலையே, ஸ்தோத்திரம். இப்படியே அஞ்சு நிமிஷம். நல்லா உருக்கமா வந்துச்சு, கண்ணுல தண்ணிகூட.

ஆமா, ஸ்பீக்கர்லதான். நாலு ஸ்பீக்கர்லயும். பாஸ்டர் வந்து கதவத் தட்டினாராம். உருக்கத்துல எனக்குக் காது கேக்கல.

வெளிய வந்தா அத்தன பேரும் பாட்டுப் புத்தகத்துக்குள்ள தலையை விட்டிருக்காங்க. எந்தப் பாட்டுன்னே இன்னும் சொல்லல. வெல்டர் எழுந்தான். நாற்காலியை மடக்கிச் சுவரோரமா சாய்ச்சு வச்சுட்டுப் போயிட்டான். நானா? பேசினேன். தாழ்மையைப் பத்தி இருபது நிமிஷம்.

அன்னையிலேர்ந்து மைக்கைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன். நான் ரகசியமா சொன்னத இது ஊருக்கே சொல்லிருச்சு, அப்ப தப்பு யாரு மேல? கமிட்டியில தீர்மானமே போட்டோம், மைக்கைச் சரிபாக்கணும்னு. எல்லாரும் கையத் தூக்கினாங்க. ஒருத்தரும் என் மூஞ்சியப் பாக்கல.

என்ன, நல்லாருக்கா? கழட்டிப் பாத்துமா? இல்லண்ணே, புது சுவிட்ச் வேண்டாம். நான் அணைக்கல. அன்னைக்கே தெரியும். நீங்க ஏதாவது கோளாறுன்னு சொன்னா அதப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கலாம்னு பாத்தேன். வெக்கமாத்தான் இருக்கு.

ஒரு சீட்டுல எழுதிக் குடுங்க, மைக்ல கோளாறு இல்லன்னு. கையெழுத்தும் போடுங்க. இப்பவே வெல்டிங் பட்டறைக்குப் போறேன். சீட்டு இல்லாமப் போனா அங்க நின்னும் மைக் மேலதான் பழி போடுவேன், என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?

அவனா? என் தம்பிதாண்ணே. கூடப் பொறந்தவன். பதினோரு வருஷமா வா, வான்னு கூப்பிட்டு, அன்னைக்குத்தான் மொத தடவையா வந்தான். குடிய விட்டு ஆறு மாசமாம், பொண்டாட்டியும் திரும்பி வந்துட்டாளாம். பாஸ்டர் அப்புறமாத்தான் சொன்னார். அத சபை முன்னாடி சாட்சியா சொல்ல அவர்கிட்ட நேரம் கேட்டு வச்சிருந்தானாம். நான் முடிச்சதும் இதே மைக்க அவன் சட்டையில மாட்டியிருக்கணும்.