இறக்கத்தில் தள்ளிய சைக்கிள்

இல்ல தம்பி அலாவுதீன், இருபத்தஞ்சு வருஷமா நான் என் தங்கச்சி சொன்ன கதைய நம்பல. இப்ப நம்புறேனான்னு கேட்டா... உக்காரு முதல்ல. சங்கத்துக் காயிதத்த மேசையில வை. கையெழுத்து எங்க ஓடிப்போகுது?

பொம்பளைங்க சைக்கிள் ரேஸ். பாடாங் திடல்ல, ஊரே பாக்க. எம் மக குணவதி பேரையும் எழுதிட்டீங்க. அப்பன் கையெழுத்துதான் பாக்கி. நல்லாருக்குலா. ஜெலுத்தோங்ல சைக்கிள் கடை வச்சிருக்கிறவன் நான். டீச்சரம்மாங்களும் சீனப் பொண்ணுங்களும் எங்கிட்டதான் வாடகைக்கு எடுக்கிறாங்க, சந்தோசமா அனுப்பி வைக்கிறேன். எம் மக ஏறினா மட்டும் அவ திரும்பி வர்ற வரைக்கும் கடை வாசல்லயே நிக்கிறேன். ஏன்னு கேக்காத.

ஆசைய யாரு கிளப்பிவிட்டதுன்னு உனக்குத் தெரியாதாக்கும்? பாசாருக்கு மீன் வாங்கப் போயிருக்காளே என் தங்கச்சி வடிவம்மா, அவதான். அத்தை சைக்கிள்லயே பாலிக் புலாவ் போனேன்டி, ஒத்தையா, மலையேறி இறங்கின்னு சொல்லுவா. இந்த வீட்டுல அதான் தாலாட்டு. நீயும் கேட்டிருக்கியா? எல்லாரும் கேட்டிருக்காங்க. எல்லாரும் சிரிச்சிருக்காங்க.

வெள்ளைக்கார ராசாவுக்கு முடிசூட்டுன வருஷம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினொண்ணு. அவ புருஷன் காய்ச்சல்ல போயி ரெண்டு வருஷம். இவளுக்கு வயசு இருபத்தி நாலு. ஆஸ்பத்திரியில பிரசவம் பாக்கப் பழகிக்கிட்டு இருந்தா. பாலிக் புலாவ்ல மருத்துவச்சி வேலை ஒண்ணு காலியாச்சு. கம்பம் கம்பமா, ஊரு ஊரா சைக்கிள்ல சுத்தணும். திங்கக்கிழமை காலையில ஒம்பது மணிக்கு சைக்கிள்லயே வந்து நில்லு, வேலை உனக்குன்னு டாக்டர் துரை சொல்லிட்டாரு. இருக்க வீடும் உண்டு. அண்ணன் வீட்டுச் சோத்துக்கு நிக்க வேண்டியதில்ல. அதான் அவளுக்குப் பெருசு.

சைக்கிள் யாரு பழக்குனதா? நான்தான்லா! கடைக்குப் பின்னாடி சந்துல. சேலையத் தூக்கிச் சொருகிக்கிட்டு ஏறுவா, விழுவா, மறுபடி ஏறுவா. பெருமையாத்தான் இருந்துச்சு, அவ தெருவுக்கு வர்ற வரைக்கும். கோப்பிக் கடையில ஒருத்தன், என்ன அய்யாக்கண்ணு, தங்கச்சி ரெண்டாம் மாப்பிள்ளயச் சைக்கிள்லயே போயிப் புடிச்சிட்டு வருமான்னான். இன்னொருத்தன், கழுத்துல தாலி இல்ல, கையில மணி மட்டும் அடிக்குதுலான்னான். அவனுங்கள அடிச்சிருக்கணும். நான் வீட்டுக்கு வந்து இவகிட்ட கத்துனேன். போகாதன்னேன். போவேன்னா.

போனா. பொழுது சாயுறப்ப வந்தா. காலெல்லாம் கொப்புளம். வேலையா? ஒம்பதுக்கு வரச் சொன்னா பதினொண்ணுக்குத்தான் போயி நின்னாளாம், எந்தத் துரை காத்துக்கிட்டு இருப்பாரு?

ஏன் லேட்டுன்னு தெருவே கேட்டுச்சு. ஏத்தத்துல தள்ளிட்டுப் போனேன், இறக்கத்துலயும் தள்ளிட்டுத்தான் போனேன்னா. அங்கதான் மாட்டிக்கிட்டா. நீயே சொல்லு, ஏத்தத்துல எவனும் தள்ளுவான். நாக்குத் தள்ள மேல போனவன் இறக்கத்துல உக்காந்து ஜம்முனு இறங்குவானா, இல்ல மாட்டப் புடிச்சிட்டுப் போற மாதிரி சைக்கிளப் புடிச்சிட்டு நடப்பானா? மலையையே பாக்காதவதான் இப்படிச் சொல்லுவா, பாதி வழியில பயந்து உக்காந்துட்டு வந்து கதை அளக்குறான்னு முடிவு கட்டிட்டாங்க. பாசார்ல மீன் விக்கிறவன்கூட, என்ன வடிவு, இன்னிக்கும் தள்ளிட்டுத்தான் வந்தியான்னு கேப்பான்.

நானா? நானும் நம்பலன்னுதான் சொன்னேன். கூடப் பொறந்த அண்ணன், அதுவும் சைக்கிள் கடைக்காரன், அவனே நம்பலன்னா வேற யாரு நம்புவா? நெசமாவே நம்பலயா, நம்பாம இருக்கிறது சௌகரியமா இருந்துச்சா, அதுதான் இன்னிக்கு வரைக்கும் புரியல.

அவ ஒரு வார்த்தை மாத்திச் சொல்லல தம்பி. ஏன்டி தள்ளுனன்னு கேட்டா, தள்ள வேண்டி இருந்துச்சு, தள்ளுனேன். அம்புட்டுதான். அப்புறம் சைக்கிள்ல ஏறவே இல்ல. இருபத்தஞ்சு வருஷமா எம் பொண்டாட்டி அதட்டுற அதட்டுக்கு இந்த வீட்டுல பாத்திரம் தேய்க்கிறா.

எரிச்சலா வருதுலா. உம் மேல இல்ல. யாரு மேலன்னுதான்...

பொறு, பொறு. பேனாவ உள்ள வை. நேத்து நடந்ததக் கேட்டுட்டு, அந்தக் காயிதத்துல எம் பேரு வேணுமா அவ பேரு வேணுமான்னு நீயே சொல்லு.

நேத்து சாயங்காலம் குணவதி பழகக் கிளம்புனா. ஏறப் போனவள நிறுத்திட்டு வடிவு குனிஞ்சா. முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு, நாலு பிரேக் கட்டையையும் விரலால ஒண்ணொண்ணா அமுக்கிப் பாத்தா. என் கடை சைக்கிள், என் கையால பூட்டுனது. பாத்துட்டு, ம், போன்னா. என் பக்கம் திரும்பவே இல்ல.

அந்தத் திங்கக்கிழமை விடியக்காலையில நான் கழட்டி கால்சட்டைப் பையில போட்டுக்கிட்டதும் அந்த நாலு கட்டையத்தான். தெருமுனை தாண்டுறதுக்குள்ள தெரிஞ்சிரும், திரும்பி வந்துருவான்னு நெனச்சேன். பிரேக் இல்லாத சைக்கிளோட மலையேறி, இறக்கத்துல தள்ளிக்கிட்டே போவான்னு யாருக்குலா தெரியும்? இப்படிப் பாக்காத தம்பி.

குணவதி போனதும் பக்கத்துல போயி கேட்டேன். வடிவு, அண்ணன் பேரு வெளிய வரக்கூடாதுன்னுதான் இத்தன வருஷமா பொய்க்காரின்னு பேச்சு வாங்கிக்கிட்டு இருக்கியா? அப்பவும் அதே பதில்தான் தம்பி: தள்ள வேண்டி இருந்துச்சு, தள்ளுனேன்.