காதுக்குப் பின்னால் ஒரு பச்சைப் பொட்டு

— கண்ண மூடுண்ணே. மை உள்ள போச்சுன்னா நாள் முழுக்க எரியும்.

— மூடிட்டுத்தானளா இருக்கேன்.

— எங்க மூடுன? எமை துடிக்கி. ஹார்பர்ல அம்புட்டு ஒசரத்துல உக்காந்து கிரேன் ஓட்டுன ஆளு, தங்கச்சி மூஞ்சில மை தடவுததுக்குப் பயப்படுத.

— மைக்கு யாருளா பயந்தா? ஒன் வீட்டு நாக்காலில உக்காந்திருக்கேன் பாரு, அதுக்குத்தான். வெரட்டி விட்டுருவன்னு நெனச்சிக்கிட்டேதான் ஏரல் பஸ்ஸு ஏறுனேன்.

— முத்தாரம்மன் மாலையோட வாசல்ல நிக்கவன வெரட்டவா முடியும்? அது கெடக்கட்டும். கை இப்ப எப்பிடி இருக்கு?

— டம்ளரு பிடிக்கி. சட்டைப் பித்தான் போட வரல. வாதம் வந்து ஒரு பக்கமா இழுத்துப் போட்டப்ப ஆசுபத்திரில கெடந்து நேந்துகிட்டேன். கை திரும்புச்சுன்னா குலசை தசராவுக்குக் காளி வேசம் போடுதேன் தாயேன்னு. மேக்கப்புக்குத் தெருவுக்கு ஒரு ஆளு இருக்கான்னு ஒன் மதினி சொன்னா. எனக்குத்தான் மனசு ஒப்பல.

— எப்பிடி ஒப்பும்? சின்னதுலேருந்து ஒன் மூஞ்சி என் கைலதான கெடந்துச்சு. மொத வருசம் அடுப்புக்கரியத் தேங்கா எண்ணெயில கொழச்சுப் பூசுனேன், ஞாவம் இருக்கா? வேர்த்து வடிஞ்சு, குலசை போயிச் சேருததுக்குள்ள பாதி காளி, பாதி பொன்னுதுரையா நின்ன.

— அம்மா சிரிச்ச சிரிப்பு இன்னும் காதுல கேக்கி. அதுக்கப்புறம் நம்ம தசரா செட்டுல அம்புட்டுப் பேரும் ஒன் முன்னாலதான வரிசை கட்டி உக்காந்தானுவ. அதுல ஒருத்தன் செந்தூர்வேலு.

— அவுகளுக்கு ராசா வேசம். மீசை போடும்போது சிரிச்சிக்கிட்டே இருப்பாக. அழிச்சு அழிச்சு வரையணும்.

— மீசைதான் சரியா வரலன்னு நானும் நெனச்சேன். நீங்க ரெண்டுபேரும் கலியாணத்தப் பேசி முடிச்சிருக்கிய.

— உப்பளத்துல உப்பு வாருதவனுக்கு எந்தங்கச்சியான்னு குதிச்ச. இனி எனக்குத் தங்கச்சியே கெடயாதுன்னு தெருவுல நின்னு சொன்ன.

— செல்வி, அது வந்து...

— வாய அசைக்காத. ஒதட்டுக்குச் சேப்பு வைக்கப் போறேன், கோடு வழுக்கிரும். நான் பேசுதேன், நீ கேளு. நீ சொன்னத நான் மனசுல வைக்கவே இல்ல. ஏன் தெரியுமா? நீதான் வந்தியே. கலியாணமாகி மொத தசராவுக்குச் சோறு எறங்காம அழுதேன். எந்தச் செட்டு மேளம் கேட்டாலும் ஓடிப் போயி, நீ இருக்கியான்னு பாப்பேன். அவுக பக்கத்துல உக்காந்து ஊட்டிப் பாத்தாக, ஒண்ணும் நடக்கல. மறு வருசம் ஆயுதபூசையன்னைக்கு ஒரு காளி வந்துச்சு. கிரீடமும் சடையும் எட்டுக்கையுமா, ஆளே தெரியல. கோரப்பல்லும் நாக்கும் வச்சிருந்ததால பேச்சும் இல்ல. அம்மான்னு கால்ல விழுந்தேன். குங்குமம் வச்சி விட்டுச்சு. திரும்பிப் போகும்போது பாக்கேன், காதுக்குப் பின்னால பச்சைப் பொட்டு. கண்ணு படக்கூடாதுன்னு நான் வைக்க பொட்டு. எங்கண்ணன் வந்துட்டாம்னு எனக்கு உசுரே திரும்பி வந்துச்சு. அசையாதண்ணே. அன்னைலேருந்து ஒரு வருசங்கூட விடாம வந்த. ஒனக்குப் பிடிக்குமேன்னு கருப்பட்டி எடுத்து வச்சிருந்து குடுப்பேன். ஒன் கை இழுத்துக்கிட்டுன்னு கேட்டதும், இந்த வருசம் காளி வராதேன்னுதான் மொதல்ல அழுதேன். ம், முடிஞ்சிட்டு. இனி பேசு. எதுக்கு இப்ப அழுத? மையெல்லாம் ஓடுது.

— ஏளா செல்வி. நான் வரல.

— என்ன வரல?

— ஒங்கலியாணத்துக்கப்புறம் நான் வேசமே கட்டல. ஒன் கையி இல்லாம எவன்ட்டக் கொண்டுபோயி மூஞ்சியக் குடுப்பேன்? இந்தத் தெருவையே இன்னைக்குத்தான் பாக்கேன், வழி கேட்டுத்தான் வந்தேன். ஆமா நாந்தான்னு சொல்லிட்டுப் போயிருவமான்னு இருந்துச்சு. மாலை போட்டுக்கிட்டுப் பொய் சொல்ல வாய் வரல.

— சும்மா வெளையாடாத. அந்தப் பொட்டு ஒனக்கு மட்டுந்தான் வைப்பேன்.

— எனக்கு மட்டுமா?

— ஒனக்கும்... அவுகளுக்கும்.

— மாப்ள ஆயுதபூசைக்கு எங்க இருப்பாரு?

— உப்பளத்த விட்டுட்டு இப்பக் கடைதான வச்சிருக்காக. சரக்கெடுக்கத் தூத்துக்குடிக்குப் போயிருவாக. எல்லா வருசமும்.

— ஆயுதபூசையன்னைக்கா? அன்னைக்கு எந்தச் சரக்குக் கிட்டங்கிளா தொறந்து கெடக்கு? எங்க கிரேனுக்கே மாலை போட்டு நிப்பாட்டிருவோம்.

— புரட்டாசி பூரா கவிச்சி தொட மாட்டாக. வெறுந்தரைலதான் படுப்பாக. கேட்டா பெருமாளுக்கும்பாக. அன்னைக்குத் திரும்பி வரும்போது கண்ணோரத்துல கருப்பா ஒட்டியிருக்கும். லாரிப் பொகைன்னு நாந்தான் துண்ட நனைச்சுத் துடைச்சு விடுவேன்.

— நீ குடுத்த கருப்பட்டி?

— பிள்ளைகளுக்கு வாங்கிட்டு வந்தேன்னு, அவுகளே என் கைல கொண்டாந்து குடுப்பாகண்ணே.

— அழாதளா. பொறத்தால வண்டிச் சத்தம் கேக்கி. மாப்ள வந்துட்டாரு போல.

— செல்வி, மச்சானுக்கு எளநி வெட்டிட்டு வந்திருக்கேன். ஒதட்டு மை காஞ்சிட்டுன்னா குடிக்கச் சொல்லு. என்ன, ரெண்டுபேரும் என்னய இப்பிடிப் பாக்கிய?

— ஏங்க. நாளைக்கு ஆயுதபூசை. சரக்கெடுக்கப் போகணுமா?

— வேண்டாம் செல்வி. அதான் மச்சானே வந்தாச்சுல்லா.