மேல்வாசல் இருந்த இடம்

படகுக்குள் வேலை செய்யும்போது முதலில் நினைக்க வேண்டியது மனிதனின் கால் சுண்டுவிரலைத்தான் சார். வீட்டில் இடித்துக்கொண்டால் ஒருநாள் நொண்டிவிட்டு மறந்துவிடுவோம். படகில் நடக்க இடமே இரண்டடிதான், தினமும் இடிக்கும். அதனால் கட்டில், மேசை, அலமாரி எல்லாவற்றின் முனைகளையும் இழைத்து உருட்டிவிட்டேன். சந்தியா மேடம் கையால் தடவிப் பார்த்து, "வெண்ண மாதிரி இருக்குதுங்க" என்றார். யாருக்கும் அடிபடக் கூடாது என்று நினைக்கிற ஆள் நான். இதையும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் இளமாறன். கள்ளக்குறிச்சியில் பதினாறு வருடமாக இன்டீரியர் வேலை. வீடு, கல்யாண மண்டபம், துணிக்கடை எல்லாம் செய்திருக்கிறேன். உல்லாசப் படகு இதுதான் முதல். சிவசங்கர் சார் அதைப் புதுச்சேரியில் பழையதாக வாங்கி லாரியில் ஏற்றிவந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்தில் அவர் நிலத்தில் ஒரு பழைய கல்குவாரி இருக்கிறது, தண்ணீர் நின்று குட்டையாகிப் போனது. அதில் மிதக்க விட்டார். படகு எங்கும் போகப் போவதில்லை. விருந்தாளிகள் தண்ணீர்மேல் தூங்க வேண்டும் என்பது அவர் மனைவி சந்தியா மேடத்தின் ஆசை.

பின்பக்கம் ஹால், முன்பக்கம் படுக்கையறை. இடம் மிச்சமாகட்டும் என்று அறைக் கதவை ஹால் பக்கம் திறக்கும்படி வைத்தேன். ஏசி குளிர் வெளியே போகாமல் இருக்க ஜன்னல் கண்ணாடிகளை அடைத்து ஒட்டினேன். கட்டிலுக்கு நேர் மேலே கூரையில் இரண்டடிச் சதுரத்தில் ஒரு திறப்பு இருந்தது. மேல்வாசல் என்று நாங்கள் பேர் வைத்தோம். விற்றவர் சிவசங்கர் சாரிடம், எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், அதை மட்டும் அடைக்காதீர்கள், ஆபத்து என்றால் அதுதான் வழி என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அது ஒழுகியது சார். மூன்று முறை ரப்பர் மாற்றினேன். மூன்று முறையும் ஒரு சொட்டு, சரியாகத் தலையணையில். கடைசியில் வெளியே ஃபைபர் தகடு, உள்ளே பிளைவுட், அதன்மேல் வெனீர் என்கிற மெல்லிய தேக்குத் தோல் வைத்து மூடிவிட்டேன். கூரையில் ஒரு கோடு தெரியாது. சிவசங்கர் சார் அண்ணாந்து பார்த்து, "தெறக்குமில்ல?" என்று கேட்டார். "கையால தள்ளுனா போதும் சார், தெறந்துக்கும்" என்றேன். அவ்வளவு அழகான கூரையைக் கெடுக்க மனம் வரவில்லை.

அடுத்து கயிறு. மிதக்கிற படகு காற்றுக்குத் திரும்பும். தெற்கே தலை வைத்துப் படுத்தவர் எழுந்திருக்கும்போது வடக்கே தலை வைத்திருப்பார். வடக்கே தலை வைப்பது எமனுக்குப் பாய் விரிப்பது போல என்று சந்தியா மேடம் கலங்கிப் போனார். அதனால் நான்கு மூலையிலும் நைலான் கயிறு கட்டி, பாறையில் அடித்த வளையங்களில் இழுத்து இறுக்கினேன். என்னோடு ஒன்பது வருடம் வேலை செய்த தச்சன் சரத்குமார், வடக்கனந்தல்காரன், அப்போதே சொன்னான்.

"கொஞ்சம் லூசு வுடுண்ணே. மலையில மழ பேஞ்சா ஓடைத் தண்ணி மொத்தமும் இங்கதான் வரும்."

விட்டுப் பார்த்தேன். படகு திரும்பியது. மறுபடியும் இறுக்கினேன்.

போன வாரம் அவன் கடைக்கு வந்து, உட்காராமலே பேசினான்.

"ஞாயித்துக்கெழம சிவசங்கர் சாரு புள்ளைங்க ரெண்டும் அங்கதான் படுக்கப் போவுது. எனக்குத் தூக்கமே வரலண்ணே. மேல்வாசல் தெறக்காதுன்னு அவருகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

நான் பயந்த சுபாவம் சார். சிறுவயதில் வாத்தியார் பெயர் சொல்லிக் கூப்பிட்டாலே பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொள்வேன். இளமாறன் பொய் சொல்லிப் பிள்ளைகளைப் படுக்க வைத்தான் என்று ஊரெல்லாம் பேசும், நான் எந்த வீட்டுப் படியில் ஏறுவது? சிவசங்கர் சாரிடம் சொல்ல வேண்டாம், சனிக்கிழமை நாமே போய்ச் சத்தமில்லாமல் திறந்து வைத்துவிடலாம் என்றேன். அவன் முகம் தெளிந்தது. நல்ல பிள்ளை.

சனிக்கிழமை மதியம் என் பைக்கில்தான் போனோம். குட்டையில் வெயில் அடித்தது, கல்வராயன் மலைமேல் மட்டும் கருத்திருந்தது. சரத் உள்ளே போய்ப் பிளைவுட்டைத் தட்டி அளவு சொல்ல வேண்டும், நான் மேலேயிருந்து கடப்பாரையால் ஃபைபரைப் பெயர்க்க வேண்டும். முட்டி வலிக்குமென்று ஒரு ரெக்சின் குஷனும் எடுத்துக்கொண்டு கூரையில் ஏறினேன். அவன் அளவு சொல்லும்போதே ஓடை இரைந்துகொண்டு வந்தது.

தண்ணீர் ஏறினால் படகும் ஏற வேண்டும். கயிறு விடவில்லை. படகு பின்பக்கம் அமுங்கி, ஹாலுக்குள் தண்ணீர் புகுந்தது. அவன் கருவிப் பை ஹாலில்தான் இருந்தது. அறைக் கதவை ஹால் தண்ணீர் அழுத்திப் பிடித்துக்கொண்டது, இடுக்கு வழியாக அறைக்குள்ளும் ஏறியது. அவன் தோளால் மோதுவது என் காலுக்குக் கீழே அதிர்ந்தது. பிறகு கட்டில்மேல் ஏறிக் கூரையைத் தட்டினான்.

"அண்ணே, இங்கதாண்ணே. அடிண்ணே. நெஞ்சு வரைக்கும் வந்துட்டுது."

கடப்பாரையைத் தூக்கினேன் சார். சத்தியமாகத் தூக்கினேன். ஐந்து அடி அடித்தால் போதும், ஃபைபரும் பிளைவுட்டும் எவ்வளவு கனம் என்று எனக்குத்தான் தெரியுமே. அப்போதுதான் கார் சத்தம் கேட்டது. சிவசங்கர் சார் குடையோடு கரையில் வந்து நின்றார். இப்போது அடித்தால், தள்ளினால் திறக்கும் என்று நான் சொன்ன கதவைக் கடப்பாரையால் உடைப்பதை அவர் நின்று பார்ப்பார். அவர் முகம் எப்படி மாறும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் பயம் உங்களுக்குப் புரியாது. கீழே தட்டல் நிற்கவில்லை.

கடப்பாரையைத் தண்ணீரில் நழுவவிட்டேன். குஷனை அந்த இடத்தில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்தேன். நல்ல ஃபோம் சார், சத்தத்தை வாங்கிக்கொள்ளும். நானே தேர்ந்தெடுத்தது.

ஓடை இரைச்சலுக்கு மேல் அவர் கத்தினார். "இளமாறா, உள்ள யாராச்சும் கீறாங்களா?"

"இல்லீங்க சார். நான் மட்டுந்தான்."

"படகு போனாப் போவுது, நீ வாய்யா." கயிறு ஒன்றை வீசினார்.

"தோ வரேன் சார்" என்றேன். ஆனால் உடனே எழுந்திருக்க முடியவில்லை. குஷனை எடுத்தால் கேட்டுவிடும். தண்ணீர் கூரைமேல் வந்து என் கணுக்காலைத் தொட்டபோது தட்டல் நின்றது. அதற்குப் பிறகுதான் அவர் கயிற்றைப் பிடித்துக் கரையேறினேன். அவர் தன் துண்டையே எடுத்து என் தலையைத் துவட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்தது.

படகைத் தூக்கியபோது வெனீரில் நகக்கீறல்கள் இருந்தன, எல்லாம் ஒரே சதுரத்துக்குள் என்று சொன்னீர்கள். அவனுக்கு அளவு தெரியும் சார். ஓரம்கூடத் தவறியிருக்க மாட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளைகள் அதில் படுக்கவில்லை. அதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. இன்னொன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று சிவசங்கர் சார் ஒரே ஒருமுறைதான் கேட்டார். இன்னொரு முறை கேட்டிருந்தால் நான் கட்டாயம் சொல்லியிருப்பேன்.