சொல்லும் வரை தொடக்கூடாது

துண்டு கொண்டுவராமல் ஜிம்முக்கு வருபவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இதைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, விஷயத்துக்கு வரச் சொல்கிறீர்கள். விஷயத்துக்குத்தான் வருகிறேன் சார். ஒருவர் படுத்து எழுந்த பெஞ்சில் அவருடைய முதுகு ஈரமாக அப்படியே பதிந்திருக்கும். அடுத்தவர் அதன் மேல்தான் படுக்க வேண்டும். துண்டை எடுத்து ஒரு இழுப்பு இழுத்தால் போதும். அந்தச் சின்ன வேலைக்கே மனம் வராத ஆளிடம் வேறு எதை எதிர்பார்ப்பது?

என் தொழில் லிஃப்ட் பழுதுபார்ப்பது. எட்டுப் பேருக்கு மேல் ஏறக்கூடாது என்று உள்ளே பெரிதாக எழுதியிருக்கும். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒன்பதாவதாக ஒருவர் வயிற்றை எக்கிக்கொண்டு நுழைவார். "ஒரு ஆள்தானே, ஒண்ணும் ஆகாது" என்று சிரிப்பார். மற்ற எட்டுப் பேரும் சேர்ந்து சிரிப்பார்கள். அப்புறம் பாதி மாடியில் நின்றுபோகும், எனக்கு ஃபோன் வரும். நான் இருட்டுக் குழிக்குள் இறங்கி, கிரீஸில் கையை விட்டு, உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் கத்துவதையும் கேட்டுக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். கத்துபவர்களில் அந்த ஒன்பதாவது ஆளின் குரல்தான் உரக்கக் கேட்கும். என் அனுபவத்தில் இது மாறியதே இல்லை.

இப்படி ஒரு பகலைக் கழித்த மனிதனுக்குச் சாயங்காலம் போய் நிற்க ஓர் இடம் வேண்டும். எனக்கு அது ஜிம். ஒரு பெயின்ட் கடைக்குக் கீழே, தரைக்கடியில் இருக்கிறது. பிரமாதமான இடம் என்று சொல்லமாட்டேன். ஓடும் மெஷினில் ஒன்று கிறீச்சிடும், கண்ணாடியில் ஒரு மூலை விரிசல். ஆனால் பழைய ஆட்கள் ஒழுங்கானவர்கள். பேசமாட்டோம், பார்த்தால் தலையை ஆட்டுவோம், அவ்வளவுதான். பல வருஷமாக என் பக்கத்தில் நின்று எடை தூக்குபவர் ஒருவர் உண்டு. எப்போதும் கம்பளிக் குல்லாய் போட்டிருப்பார். அவர் பெயர் என்ன, என்ன வேலை பார்க்கிறார், ஒன்றும் எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் தோன்றவில்லை. அதைத்தான் மரியாதை என்று நினைத்திருந்தேன்.

எங்களுக்குள் சில முறைகள் இருந்தன. எடுத்த எடைப் பிளேட்டை எடுத்த இடத்தில் வைக்க வேண்டும். கேட்காமல் யாருக்கும் புத்தி சொல்லக்கூடாது. அடுத்தவர் பிளேட் மாட்டித் தூக்கும் ராடை அவர் கேட்காமல் தொடக்கூடாது. கடைசியாகச் சொன்னதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், உங்களுக்கு அதுதான் முக்கியம். பெஞ்சில் படுத்தபடி ராடைத் தூக்குபவருக்குத் தலைமாட்டில் ஒருவர் துணைக்கு நிற்பார். ராடுக்கு அடியில் கையைக் கொண்டுபோய் வைத்திருப்பார், ஆனால் தொடமாட்டார். விரல் பட்டாலே அந்தத் தூக்கல் கணக்கில் வராது. படுத்திருப்பவர் 'பிடி' என்று சொன்னால்தான் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிடித்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஜனவரி பிறந்தால், புது வருஷத் தீர்மானத்தோடு அந்த ஒன்பதாவது ஆட்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஜிம்முக்குள் வந்துவிடுகிறார்கள். புது ஷூ, புது பாட்டில், விலைச் சீட்டுகூடக் கிழிக்காத பனியன். இடம் சந்தைக்கடை ஆகிவிடும். எடை தூக்கும் ஸ்டாண்டில் ஒருவர் தன் ஜாக்கெட்டை மாட்டிவிட்டு அதைக் காவல் காப்பது போல் நிற்பார். கால் உதைக்கும் மெஷினில் ஒரு அம்மாள் சாய்ந்து உட்கார்ந்து, நாத்தனாரோடு இருக்கும் வம்பையெல்லாம் ஃபோனிலேயே தீர்த்துக்கொண்டிருப்பார். கால் மட்டும் அசையவே அசையாது. நான் எதிரில் நின்று தொண்டையைச் செருமினால், "ஒரு நிமிஷம்ப்பா" என்று எனக்கே கை காட்டுவார். டம்பெல்லில் ஒரு கையுடையது இங்கே கிடக்கும், இன்னொரு கையுடையதைத் தேடி நான் ஊர்வலம் போக வேண்டும். ஒருநாள் அதைக் கழிப்பறைக் கதவு மூடாமல் இருக்க முட்டுக் கொடுத்திருந்தார்கள்.

மாஸ்டரிடம் சொல்லிப் பார்த்தேன். ஜிம் அவருடையது.

"கொஞ்சம் பொறுத்துக்குங்கண்ணே. பிப்ரவரி வந்தா ஒருத்தன் இருக்கமாட்டான். வருஷா வருஷம் பார்க்கிறதுதானே" என்றார்.

உண்மைதான். வருஷா வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு அந்த ஒரு மாதத்தைக் கடத்தியவன்தான் நான். இந்த வருஷமும் கடத்தியிருப்பேன். ஆனால் இந்த ஜனவரியில் கூட்டத்தில் ஒருவன் என் வீட்டிலிருந்தே கிளம்பி வந்தான்.

என் மனைவியின் தம்பி. வீட்டில் சின்னவன் என்று கூப்பிடுவோம். வேலை கிடைத்து வந்தவன், இடம் கிடைக்கிற வரைக்கும் என்று எங்கள் வீட்டில் தங்கினான். இடம் கிடைக்கவில்லை. தேடியதாகவும் எனக்குத் தெரியவில்லை. கெட்டவன் இல்லை சார், இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள். வாய் ஓயாது, அவ்வளவுதான். அவன் வந்த பிறகு என் மனைவி சிரிப்பது வாசல் வரை கேட்டது. நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போவதற்குள் சிரித்து முடித்திருப்பார்கள். என்ன விஷயம் என்று கேட்டால், "ஒண்ணுமில்லைங்க, சும்மா" என்பாள்.

அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. "தொப்பையோட நின்னா நல்லாவா இருக்கும்? உங்ககூடக் கூட்டிட்டுப் போங்களேன். உங்களுக்கும் பேச்சுத்துணை ஆச்சு" என்றாள். எனக்குப் பேச்சுத்துணை வேண்டும் என்று இத்தனை வருஷம் என்னோடு வாழ்ந்தவளுக்கு எப்படித் தோன்றியதோ தெரியவில்லை. மறுக்கவில்லை, கூட்டிக்கொண்டு போனேன்.

முதல் வாரத்திலேயே மாஸ்டர் அவனை மாப்ளே என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். ஃபோன் அம்மாள் அவனைக் கண்டால் எழுந்து இடம் கொடுத்தார். குல்லாய்க்காரர் பல் டாக்டர் என்று எனக்குச் சொன்னதே இவன்தான். "நல்ல மனுஷன் மாமா. நீங்க பேசமாட்டேங்கிறீங்கன்னு வருத்தப்படுறார்" என்றான். அன்று எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. பல வருஷமாக நானும் அவரும் சேர்ந்து கட்டிக்காத்த ஒன்றை இவன் வந்து வருத்தம் என்று பெயர் மாற்றிவிட்டான்.

அவன் ஆபீஸ் பக்கத்தில் இருந்ததால் எனக்கு முன்னாலேயே போய்விடுவான். நான் போகும்போது நான் வழக்கமாகப் படுக்கும் பெஞ்சில் படுத்திருப்பான். "வாங்க மாமா, மாத்தி மாத்திப் பண்ணலாம்" என்று எழுந்துகொள்வான். பெஞ்ச் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். துண்டு எங்கே என்றால் மறந்துவிட்டேன் என்று என்னுடையதை எடுத்துத் துடைப்பான். துடைத்ததை என் தோளிலேயே போடுவான். சிரித்துக்கொண்டே போடுவான்.

அவன் ராடை இறக்கும் விதம் சரியில்லை. நெஞ்சுக்கு நடுவில் இறக்க வேண்டியதைக் கழுத்துப் பக்கமாக இறக்குவான். எடை குறைவாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. கூட்டத்தில் மாஸ்டர் அதைக் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். ஆனால் கேட்காமல் புத்தி சொல்லக்கூடாது என்று சொன்னேன் அல்லவா? ஊர் முழுக்கப் பேசுகிறவன், என்னிடம் இந்த ஒன்றைக் கேட்டிருக்கலாம்.

ஜனவரி முடிகிற சமயத்தில் கூட்டம் மெல்ல வடிந்தது. ஜாக்கெட்டைக் காணோம். டம்பெல்கள் ஜோடி சேர்ந்தன. அப்போதுதான் ஒரு சாயங்காலம், ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே அவன் சொன்னான்.

"மாமா, நம்ம தெருவுக்கு அடுத்த தெருவுலயே வீடு பார்த்துட்டேன். கல்யாணத்துக்கு அப்புறம் அவளையும் இங்கயே சேர்த்துவிடப் போறேன். எனக்கு இது ரொம்பப் பிடிச்சுப்போச்சு. இனிமே தினம் நாமதான்."

நான் நல்லது என்றேன். உண்மையில் என் உள்ளே ஏதோ நின்றுபோனது. மற்றவர்களுக்கெல்லாம் பிப்ரவரி உண்டு, இவனுக்கு இல்லை என்று புரிந்தது. இவன் மார்ச்சிலும் இருப்பான். அடுத்த ஜனவரியில் புதிதாக வருபவர்களுக்கு என் பெஞ்சைக் காட்டி, இங்கே எல்லாம் எப்படி என்று இவன்தான் சொல்லிக்கொடுப்பான்.

அன்றுதான் அது நடந்தது. நான் எவ்வளவு எடை போடுவேன் என்று கேட்டான், சொன்னேன். அதைப் போட்டுப் பார்க்கட்டுமா என்றான். உன் இஷ்டம் என்றேன். கட்டிக்கப்போகும் பெண்ணுக்கு அனுப்ப வேண்டும் என்று ஃபோனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்தான். நீங்கள் காலையிலிருந்து எனக்குப் போட்டுக் காட்டுகிறீர்களே, அந்த வீடியோதான். ராடின் இரண்டு முனையிலும் பிளேட் நழுவாமல் இருக்க கிளிப் மாட்டவேண்டும் என்று சுவரில் பலகை இருக்கிறது. ஆனால் தனியாகத் தூக்குபவர்கள் மாட்டமாட்டார்கள். ராடு நெஞ்சின் மேல் சிக்கிக்கொண்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து பிளேட்டைக் கீழே தள்ளிவிட்டுத் தப்பிக்கலாம். பல் டாக்டர் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார் போலிருக்கிறது, இவன் கிளிப் இல்லாமலே படுத்துவிட்டான். நான் எடுத்து இரண்டு பக்கமும் மாட்டினேன். "எதுக்கு மாமா?" என்றான். "நான்தான் நிக்கிறேனே" என்றேன்.

"அப்பச் சரி. ஆனா நான் சொல்ற வரைக்கும் தொட்டுடாதீங்க மாமா. தொட்டா அவ கண்டுபிடிச்சுடுவா, ஓட்டித் தள்ளிடுவா."

இது அவனே சொன்னது. வீடியோவில் தெளிவாகக் கேட்கிறது.

முதல் தடவை தூக்கிவிட்டான். எனக்கே ஆச்சரியம். இரண்டாவது தடவை ராடு வழக்கம்போலக் கழுத்துப் பக்கம் இறங்கியது, இறங்கிய இடத்திலேயே நின்றது. நான் கையை அடியில் கொண்டுபோனேன். தொடவில்லை. கைக்கும் ராடுக்கும் நடுவில் இடைவெளி தெரிகிறது என்று நீங்கள் வீடியோவை நிறுத்திக் காட்டினீர்கள். அதுதான் சார் முறை.

அவன் 'பிடிங்க' என்று சொல்லவில்லை. ஜிம்மில் ஓடிய பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது என்கிறீர்கள். இல்லை, சொல்லியிருந்தால் கேட்டிருக்கும், நான் அவ்வளவு பக்கத்தில் இருந்தேன். தொண்டையில் ராடு கிடக்கும்போது எப்படிச் சொல்வான் என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அப்போது எனக்கும் அது தோன்றியது.

காலை உதைத்தான். புதிய ஆட்கள் எல்லோரும் உதைப்பார்கள், மாஸ்டர் அதற்குத் தினமும் திட்டுவார். முகம் சிவந்தது. அங்கே யார் முகம்தான் சிவக்காமல் இருக்கிறது? சுற்றிலும் ஆள் இருந்தும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லையே என்று ஆச்சரியப்பட்டீர்கள். தலைமாட்டில் ஒருவர் நின்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் ஜிம்மில் எடுத்துக்கொள்வார்கள்.

அந்த ஃபோன் அம்மாள் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து தலையை நீட்டினார். "இன்னும் எத்தனை செட் இருக்குங்க?" என்று கேட்டார். பெஞ்ச் எப்போது காலியாகும் என்று அர்த்தம். அந்த மாதம் முழுவதும் புதிய ஆட்களில் ஒருவராவது என்னிடம் முறையாகக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதனால் நானும் முறையாகப் பதில் சொன்னேன்.

"இதான் கடைசி."

நன்றி சொல்லிவிட்டுப் போனார். அவரை நீங்கள் ஏற்கெனவே விசாரித்துவிட்டீர்களாம். அழுதாராம். பாவம், அவர் மேல் ஒரு தப்பும் இல்லை.

அவன் கை தளர்ந்து பெஞ்சின் ஓரம் விழுந்த பிறகு ராடை எடுத்து ஸ்டாண்டில் மாட்டினேன். ஒரு ஆளாகத்தான் எடுத்தேன். சிரமமே இல்லை, நான் தினமும் தூக்கும் எடைதானே அது. முதலிலேயே எடுத்திருக்க முடியுமா என்று நீங்கள் சுற்றிச் சுற்றிக் கேட்க வேண்டாம். முடியும். எந்த நேரத்திலும் எடுத்திருக்கலாம். எடுக்காவிட்டால் செத்துவிடுவான் என்றும் தெரியும். தெரிந்துதான் நின்றேன். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். அவன் மேல் கோபமா என்றால் இல்லை. எரிச்சல், அவ்வளவுதான். நாள் முழுக்க, மாதம் முழுக்கச் சேர்ந்த எரிச்சல். அது அவனுடையது மட்டும் என்றுகூடச் சொல்லமுடியாது, பாதி மற்றவர்களுடையது.

காலையில் என் மனைவி வந்திருந்தாள், பார்த்தீர்கள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தபடி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அவன் ரொம்பப் பயந்துட்டானா?" பதில் சொல்வதற்குள் நீங்கள் அவளை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்காக நீங்களே சொல்லிவிடுங்கள் சார். அவன் பயப்படவில்லை. கீழே கிடந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான், கண்ணை எடுக்கவே இல்லை. மாமா எப்படியும் பிடித்துவிடுவார் என்ற நம்பிக்கை அந்தக் கண்ணில் கடைசி வரை இருந்தது. அத்தனை கூட்டத்தில் அவனை விட்டு ஓர் அடிகூட நகராமல் கூடவே நின்றவன் நான் ஒருவன்தான் என்பது அவளுக்குத் தெரிந்தால், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.