சார்ஜர் காரின் சேசிஸ் நம்பர் தகட்டைக் கழற்றியவர் பற்றி

கெஸ்லர் சார், தயவுசெய்து இதை யாருக்கும் காட்டாதீர்கள். முக்கியமாக என் அம்மாவுக்குக் காட்டவே கூடாது. நீதிபதிக்குக் காட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அவருக்கு மட்டும் காட்டுங்கள், அவரையும் வெளியே சொல்லாமல் இருக்கச் சொல்லுங்கள். நேற்று எங்கள் சமையலறை மேசையில் அம்மாவிடம் எந்த வரிசையில் கேட்டு எழுதினீர்களோ, அதே வரிசையில் எழுதுகிறேன். போர்வைக்குள் செல்போன் வெளிச்சத்தில் எழுதுவதால் கோடுகள் கோணலாக இருக்கும்.

என் பெயர் ஜூனிப்பர் கிராபில். ஜூனி என்று கூப்பிடுவார்கள். வயது பதினான்கு. ஒன்பதாம் வகுப்பு படிக்கிறேன். ஓஹையோ மாநிலம், டன்மோர், ஸ்டோன் கிரீக் சாலையில் தானியக் கிடங்குக்கு எதிர் வீடு. தாயார் ரோண்டா கிராபில், பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். தகப்பனார் டேல் கிராபில், தீவனக் கம்பெனியில் வேலை செய்கிறார். இதை யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை.

போன வருடம் பனி உருகிய சமயத்தில் அம்மா 1969ஆம் வருடத்து சார்ஜர் கார் ஒன்றின் வெறும் கூட்டை வாங்கி வந்தார். அதில் என்ஜின் இல்லை, கியர் பெட்டி இல்லை, தரையைத் துரு தின்றுவிட்டதால் உள்ளே குனிந்து பார்த்தால் புல் தெரிந்தது. பின் சீட் இருந்த இடத்தில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்ததால், விற்ற விவசாயி கோழியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிட்டார். அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "ரோண்டா, இதைக் காசு குடுத்தா வாங்குன? இல்ல, அள்ளிட்டுப் போனதுக்கு அந்த ஆளு உனக்குக் குடுத்தானா?" என்று கேட்டார். "அதோட மூஞ்சியப் பாரு டேல், அது போதும்" என்றார் அம்மா.

அதன் பிறகு, கோடையில், எங்கள் கவுண்டியின் போலீஸான உங்கள் ஷெரிஃப் ஆபீஸ் பழைய ரோந்து வண்டிகளை ஏலம் விட்டபோது அம்மா ஒன்றை எடுத்தார். அதுவும் சார்ஜர்தான், ஆனால் இந்தக் காலத்தது. மான் மோதிக் கூரையும் பானெட்டும் நசுங்கியிருந்தன, என்ஜினுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது நீங்கள் ஓட்டிய வண்டி என்பது உங்களுக்குத் தெரியும். அதை இழுத்துக்கொண்டு போக நாங்கள் வந்தபோது நீங்கள் கதவைத் தட்டிக்கொடுத்து, "அடிப்பாவி, என் வண்டியையா அறுக்கப் போற?" என்று கேட்டீர்கள். "அறுக்கல வெஸ், பழைய வீட்டுக்குக் குடி மாத்துறேன்" என்று அம்மா சொன்னார். கொஞ்சம் இடது பக்கம் இழுக்கும் என்று சொல்லி நீங்கள்தான் சங்கிலியை மாட்டிவிட்டீர்கள். வீட்டில் தரைவிரிப்பைப் பிய்த்தபோது ஒரு வாளி சூரியகாந்தி விதைத் தோல் வந்தது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் பிறகு அம்மா உங்கள் வண்டியின் கூரை, பக்கங்கள், கதவுகள் எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிட்டு, தரை, என்ஜின், சக்கரம், பிரேக், வயர்கள், கம்ப்யூட்டர் ஆகியவற்றை அப்படியே வைத்துக்கொண்டார். இப்படிக் கொடுக்கிற வண்டிக்கு டோனர் என்று பெயர். புது வண்டியில் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே உள்ள நீளம் பழையதைவிட நான்கு விரல் அதிகம் என்பதால், தரையைக் குறுக்கே வெட்டி, அந்த நான்கு விரலை எடுத்துவிட்டு மறுபடி வெல்டிங் செய்தார். பள்ளி லீவு முழுவதும் இதற்கே போனது. அதன் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய கூட்டைச் சங்கிலியில் தூக்கி அதன் மேல் இறக்கினோம். அப்பா ஒரு மூலை, நான் ஒரு மூலை. "மெதுவா, மெதுவா, டேல், விரலை எடு, கிட்டார் வாசிக்க வேணாமா உனக்கு?" "நான் எப்ப வாசிச்சேன்?" "அதான், இனிமேலாவது கத்துக்க விரல் வேணும்ல." கூடு உட்கார்ந்தது. எங்கும் தட்டவில்லை. அம்மா தோட்டத்துக் குழாயில் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

முதலில் ஸ்டார்ட் செய்த அன்று என்ஜின் உறுமிய உடனே உள்ளேயிருந்து டிங் டிங் என்று சத்தம் வந்தது. சீட் பெல்ட் போடவில்லையாம். அப்பா புல்லில் உட்கார்ந்து சிரித்தார். "கிழவன் காதுல புளூடூத் மாட்டிட்டு நிக்கிறான்" என்றார். அன்று மூவரும் வயலோரப் பாதையில் போய்விட்டு வந்தோம், திரும்பி வரும்போது அம்மா ஸ்டியரிங்கில் ஒரே ஒரு விரலை வைத்திருந்தார், இடது பக்கம் இழுக்கவில்லை. நான் இந்த ஒரு வருடம் போல எப்போதும் சந்தோஷமாக இருந்ததில்லை. இந்த வரி வழக்குக்குத் தேவையில்லை என்றால் அடித்துவிடவும்.

இனி முக்கியமான விஷயம். பெயிண்ட் அடிப்பதற்கு முன் சின்னச் சாமான்களைக் கழற்றுவது என் வேலை. கழற்ற முடிகிற எதன் மேலும் பெயிண்ட் அடிக்கக் கூடாது, கழற்றியதை உடைந்திருந்தாலும் தூக்கிப் போடக் கூடாது, பையில் போட்டுப் பெயர் எழுத வேண்டும் என்பது எங்கள் கராஜில் சட்டம். அக்டோபரில் ஒரு நாள் அம்மா கால்பந்து அணியை வெளியூருக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தபோது, நான் டாஷ்போர்டு ஓரத்தில் கண்ணாடிக்குக் கீழே ஒரு சின்னத் தகட்டைப் பார்த்தேன். அது சேசிஸ் நம்பர் தகடு. பூப்போல வெட்டிய தலையுள்ள இரண்டு ரிவெட் ஆணிகளில் நின்றது. அதைச் சுற்றி இருந்த தகரம் துருப்பிடித்திருந்தது. துருவின் மேல் பெயிண்ட் அடித்தால் கொப்பளிக்கும் என்று எனக்குத் தெரியும். அதைத் தொடுவதற்கு முன் போலீஸைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தெரியாது. இரண்டு ரிவெட்டையும் துளைத்து எடுத்தேன். துரு பிடித்த தகரத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகரம் வைத்தேன். அம்மா எனக்குக் கற்றுக்கொடுத்த எல்லாவற்றிலும் அதுதான் நான் தனியாகச் செய்த முதல் வேலை. பெயிண்ட் காய்ந்த பிறகு, அப்பா கூரை ஓரத்து மழைநீர்த் தகரத்துக்கு வாங்கிய ரிவெட்டுகளில் இரண்டை எடுத்துத் தகட்டை அதே இடத்தில் பொருத்தினேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்த மூலை யாரு செஞ்சது, கடையில குடுத்த மாதிரி இருக்கே" என்றார். பெயிண்டைத்தான் சொன்னார். ரிவெட்டைப் பார்க்கவில்லை.

அதன் பிறகு, போன வெள்ளிக்கிழமை, வண்டியைச் சாலையில் விட அனுமதி வாங்குவதற்காக மாநிலச் சோதனை அதிகாரியிடம் கொண்டுபோனோம். அவர் வண்டியின் கம்ப்யூட்டரில் ஒரு கருவியைச் செருகிப் பார்த்துவிட்டு, "மேடம், உங்க கிழவரு தன்னை ஷெரிஃப் ஆபீஸ் ரோந்து வண்டின்னு சொல்றாரு" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே ஏல ரசீதைக் கொடுத்தார். அவரும் சிரித்தார். அதன் பிறகு டார்ச் அடித்துக் கண்ணாடி வழியாகத் தகட்டைப் பார்த்தவர் சிரிப்பதை நிறுத்திவிட்டார். "இந்த ரிவெட் எங்கேயிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். திருட்டு வண்டியை மாற்றுகிறவர்கள்தான் இந்தத் தகட்டில் கை வைப்பார்கள் என்று சொன்னார். அம்மா குனிந்து பார்த்தார். அதன் பிறகு என்னைப் பார்த்தார், ஒரே ஒரு முறைதான். அதன் பிறகு அவரிடம், "நான்தான் மாத்துனேன்" என்றார்.

வண்டியை அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். தீர்ப்பு எங்களுக்கு எதிராகப் போனால் நசுக்கிவிடுவார்கள் என்றார்கள். நேற்று நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்து, "ரோண்டா, நல்லா யோசிச்சுச் சொல்லு. இதை நான் எழுதிட்டா பஸ் சாவிய வாங்கிடுவாங்க. திங்கக்கிழமை மேலிடத்துக்கு அனுப்பணும்" என்று சொன்னீர்கள். "யோசிச்சாச்சு. எழுது" என்றார் அம்மா. அப்போது அப்பா உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெறும் காப்பிக் கோப்பையைக் கரண்டியால் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிய ரிவெட் அவருக்குத் தெரியாமல் இருக்காது.

நீங்கள் போன பிறகு நான் பேச வாயெடுத்தேன். "உனக்கு எதுவும் தெரியாது, சரியா?" என்றார் அம்மா. "பதினாலு வயசுல உன் பேர்ல ஒரு கேஸ் வேணாம் குட்டி. எனக்கு ஒண்ணு இருந்தா இருந்துட்டுப் போவுது." "பஸ்ஸு?" என்று கேட்டேன். "பஸ்ஸ ஓட்ட ஆளா இல்ல? போய்ப் பல்லு தேய்." ஆனால் ஆள் இல்லை, சார். கடைசி நிறுத்தத்தில் ஏறுகிற ஓவன் என்ற பையன், அம்மா இரண்டு தடவை ஹாரன் அடித்தால்தான் வீட்டைவிட்டு வெளியே வருவான். வேறு டிரைவர் வந்த அன்றெல்லாம் அவன் பள்ளிக்கு வரவில்லை.

அம்மா சொன்னது பொய் என்பதற்கு என்னிடம் ஆதாரம் இருக்கிறது. அந்த இரண்டு ரிவெட்டின் தலை என்ன நிறம் என்று அம்மாவிடம் கேளுங்கள். கறுப்பு என்பார். அது நான் மார்க்கரால் பூசியது. நகத்தால் சுரண்டினால் பழுப்பு வரும், எங்கள் வீட்டுக் கூரை ஓரத் தகரத்தின் நிறம். இன்னொன்று, பழைய பூத்தலை ரிவெட்டுகளும், நான் வெட்டி எடுத்த துருத் தகரமும் "டாஷ், இடது, மேல்" என்று எழுதிய பையில் என்னிடம் இருக்கின்றன. தகரத்தில் அந்த இரண்டு ஓட்டைகளும், தகடு மூடியிருந்த இடத்தில் மட்டும் பழைய பச்சை பெயிண்டும் அப்படியே இருக்கின்றன. தகட்டை அதன் மேல் வைத்துப் பாருங்கள், சரியாக உட்காரும். அப்படியென்றால் தகடு வேறு வண்டியிலிருந்து வந்ததில்லை, திருட்டும் இல்லை. பையை இந்தக் காகிதத்தோடு சேர்த்து, காலையில் பேருந்து உங்கள் அலுவலகத்தைத் தாண்டும்போது இறங்கிக் கொடுத்துவிடுவேன். அம்மாதான் ஓட்டிக்கொண்டிருப்பார் என்பதால், வயிற்றுவலி என்று சொல்லித்தான் இறங்க வேண்டும். அந்தப் பொய்யையும் இதிலேயே சேர்த்துக்கொள்ளவும்.

என்னை எங்கே அனுப்புவார்கள் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் துளைத்தது நான், பொருத்தியது நான், மார்க்கர் பூசியதும் நான். அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை டார்ச் வெளிச்சத்தில் பார்க்கும்வரை எதுவும் தெரியாது. அப்பாவும் இதில் இல்லை. இதில் எழுதியது எல்லாம் என் கண்ணால் பார்த்ததும் என் கையால் செய்ததும்தான், படித்துப் பார்த்தேன், எதையும் மாற்ற வேண்டிய

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "ஜூனி, வெளிச்சம் தெரியுது. தொறடி. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்."

கையெழுத்தைப் போட்டுவிட்டுத்தான் திறப்பேன்.

ஜூனிப்பர் கிராபில்