ஒரு சொட்டு சிந்தாத தெப்பக்குளம்

"தெப்பக்குளத்தை அப்டியே புது எடத்துக்கு மாத்திட்டேன் மச்சி. ஒரு சொட்டு சிந்தல."

மயிலாப்பூரிலிருந்து கொட்டிவாக்கம் போகும் பேருந்தில், எனக்கு முன்னால் நின்றிருந்தவர் பக்கத்தில் நின்ற நண்பரிடம் இப்படிச் சொன்னார். அவருடைய பையை மடியில் வாங்கி, அதன்மேல் முழங்கையை ஊன்றி உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார்.

"எந்தக் குளம்ப்பா?"

"கோயில் குளம் இல்லக்கா. வூட்ல சர்வர் வச்சிகிறேன். நாலு ஹார்ட் டிஸ்க்க ஒண்ணா சேத்தா அதுக்குப் பேரு பூல். நான் தெப்பக்குளம்னு பேர் வச்சேன்."

அம்மாள் சிரித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டிஸ்க்க பழைய சர்வர்லேர்ந்து கயட்டி, புது மெஷின்ல மாட்டுனா குளத்தையே காணோம் மச்சி. புதுசா பூல் உருவாக்கவான்னு கேக்குது. ஓகே குடுக்கப் போயிட்டேன்."

"குடுத்திருந்தா மொத்தமும் அழிஞ்சிருக்கும்."

"அதான், போன்ல நீ கத்துனியே, உருவாக்காத, பழச இம்போர்ட் பண்ணுன்னு. பண்ணேன். பாப்பா மொதமொதல்ல நடந்த வீடியோ ஓடுது. நானும் என் பொண்டாட்டியும் அப்டியே தரையில உக்காந்துட்டோம். நீ மட்டும் இல்லன்னா..."

"அத வுடு. இன்னொரு காப்பி எடுத்தியா, இல்லியா?"

"எடுத்துட்டேன். உன் வூட்ல இருக்கட்டும்னுதான் கொண்ணாந்தேன். அந்தப் பையில கீது."

அம்மாள் முழங்கையை எடுத்தார். பையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

அடையாறில் கூட்டம் இறங்கியது. இடம் கிடைத்ததும் அவர் பைக்காகக் கை நீட்டினார்.

"நீ மொதல்ல ஒழுங்கா உக்காருப்பா. அப்புறம் தரேன்."